"அவர் குண்டா இருந்தார்"னு எழுதிட்டீங்க, சரி, அதுல என்ன தெரியுது?

கதை எழுத ஆரம்பிக்கிற நெறைய பேரு ஒரு ஆளை அறிமுகப்படுத்தும்போது "அவர் கொஞ்சம் குண்டாக இருந்தார்"னு ஒரு வரியப் போட்டுட்டு அடுத்த வேலையப் பாக்கப் போயிடுறாங்க. வாசிக்கிறவனுக்கு அந்த வரியில ஒண்ணும் தெரியறதில்ல. எங்க குண்டு, வயித்துலயா கன்னத்துலயா பிடரியிலயா, பொறந்ததுலேருந்தே இந்த உடம்பா இல்ல கல்யாணத்துக்கப்புறம் போட்ட சதையா, இதப் பாத்துச் சொல்றது யாரு, பெத்த அம்மாவா கடன் குடுத்தவனா, எதுவுமே அதுல கிடையாது. இத்தனைக்கும் தமிழ்ல உருண்டு திரண்ட உடம்பைச் சொல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்ல. குண்டு, பருமன், பூசினாப்ல, கொழுகொழு, தளதள, தாட்டியம், புஷ்டி, தொந்தி, தொப்பை, தடியன்னு வரிசையா வருது. இதுல ஒவ்வொரு வார்த்தைக்குள்ளயும் ஒரு கண்ணு ஒளிஞ்சிருக்கு, அதாவது அந்த உடம்பைப் பாக்குறது யாரு, என்ன மனசோட பாக்குறாங்கங்கிறது வார்த்தையோடயே வந்துடுது. வர்ணனைன்னா என்னன்னு புரிஞ்சுக்க இத விட நல்ல பாடம் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

பொண்ணு பாத்துட்டு வந்த அத்தைகிட்ட "பொண்ணு எப்படி"ன்னு கேட்டுப் பாருங்க. "நல்லா பூசினாப்ல இருக்கா"ன்னு சொன்னா பிடிச்சுப் போச்சுன்னு அர்த்தம். "கொஞ்சம் தாட்டியா இருக்கா"ன்னு இழுத்தா யோசிக்கிறாங்க. "குண்டு"ன்னுட்டா பேச்சு அதோட முடிஞ்சுது, காபி சாப்பிட்டுட்டு எந்திரிக்க வேண்டியதுதான். மூணு தடவையும் பாத்தது ஒரே பொண்ணாக்கூட இருக்கலாம், கிலோ கணக்குல ஒரு வித்தியாசமும் இல்லாம. பூசினாப்லங்கிறது எலும்பு தெரியாம மேலாப்புல ஒரு பூச்சு பூசுன மாதிரி சதை இருக்குங்கிறது, சொல்றவங்க பெரும்பாலும் வயசுல மூத்த பொம்பளைங்க, அதுக்குள்ள "நல்ல சாப்பாடு சாப்பிட்ட குடும்பம், பிள்ளையப் பெத்தெடுத்துடுவா"ங்கிற கணக்கெல்லாம் சத்தமில்லாம ஓடிட்டிருக்கும். ஒரு காலேஜ் பையன் தன்னோட கிளாஸ்மேட்டப் பத்தி இந்த வார்த்தையச் சொல்லமாட்டான், சொன்னா கூட இருக்கறவன் சிரிப்பான், அவன் பப்ளின்னு சொல்லுவான். ஆக ஒரு இருபது வயசுப் பையன் பார்வையில போற கதையில நீங்க "பூசின உடம்பு"ன்னு எழுதுனா அங்க பையன் காணாமப் போயி அவனோட அத்தை வந்து உக்காந்துடுறாங்க.

ஆம்பளைங்களுக்குப் போடுற வார்த்தைகள்ல குழப்பம் இன்னும் ஜாஸ்தி. வாட்டசாட்டம்னா உயரமும் அகலமும் சேந்தது, அதுல குண்டு இல்ல, ஒரு மிடுக்கு இருக்கு. கட்டுமஸ்துன்னா உழைச்சு இறுகுன சதை, தொட்டா கல்லு மாதிரி இருக்கணும். இந்த ரெண்டையும் தொந்தி வச்ச ஆளுக்குப் போட்டு எழுதுறவங்களப் பாத்திருக்கேன், வாசகன் மனசுல ஒரு போலீஸ்காரர் வந்து நிப்பார், அடுத்த பாராவுல அவரு மாடிப்படி ஏற முடியாம மூச்சு வாங்குவார், படம் உடைஞ்சு போகும். புஷ்டிங்கிறது டானிக் விளம்பர வார்த்தை மாதிரி ஆயிடுச்சு, அத இன்னைக்கு நேரா எழுதுனா கிண்டலாத்தான் படிப்பாங்க. ஸ்தூல சரீரம்னா பழைய பத்திரிகைத் தமிழ், எழுதுறவரு மூக்குக்கண்ணாடிய நுனிக்குத் தள்ளிட்டு நமட்டுச் சிரிப்பு சிரிக்கிறது தெரியும். பருமன், உடல்பருமன் ரெண்டும் ஆஸ்பத்திரி நோட்டீஸ், பேப்பர் செய்தி. இதெல்லாத்தையும் விட வேடிக்கை தடியன், தடிமாடு. இதுக்கு உடம்பே வேண்டாம், ஒல்லிக்குச்சியா இருக்கற பத்தாங்கிளாஸ் பையனையும் காலைல எட்டு மணிக்கு எந்திரிக்கலன்னா "தடிமாடு மாதிரி தூங்குறான் பாரு"ன்னுதான் அம்மா சொல்லுவாங்க.

அப்புறம் வினைச்சொல்லு. நம்ம ஊர்ப் பேச்சுல குண்டாறதுக்கு ஏகப்பட்ட வினை இருக்கு, உடம்பு போட்டுடுச்சு, சதை வச்சிடுச்சு, ஊதிட்டான், பெருத்துட்டா, உப்பிப் போச்சு. "உடம்பு போட்டிருக்கியே, நல்லது"ன்னு சொல்றவர் பழைய தலைமுறை, இளைச்சாத்தான் கவலைப்படுவார். "என்னடா இப்படி ஊதிட்ட"ன்னு சொல்றவன் கூடப்படிச்சவன், அவனுக்கு மட்டும்தான் அந்த உரிமை. உப்புறதுல நோய் வாடை இருக்கு, முகம் உப்பியிருக்குன்னா கிட்னி ஞாபகம் வருது, இல்ல ராத்திரி முழுக்க அழுதிருக்கான்னு தோணுது. யாழ்ப்பாணத்துப் பக்கத்து ஆளு கதையில வந்தா அவர் "மொத்தமான ஆள்"னு சொல்லுவார், "உடம்பு வைச்சிட்டுது"ன்னு சொல்லுவார், அவர் வாயில "ஊதிட்ட"ன்னு மதுரைப் பேச்சைத் திணிக்கக் கூடாது. இதுல எது சரி எது தப்புன்னு ஒண்ணும் இல்ல, யார் வாயிலேருந்து வருதுங்கிறதுதான்.

கொழுகொழு தனியா ஒரு கதை. கதைன்னா நெசமாவே கதைதான், தன் பேரை மறந்துபோன ஈ கதை. ஈ வீடு மெழுகிட்டே இருந்து தன் பேரை மறந்துடுது, யார்கிட்ட கேக்கலாம்னு கிளம்பி முதல்ல ஒரு கன்னுக்குட்டிகிட்டப் போயி "கொழுகொழு கன்னே என் பேரென்ன"ன்னு கேக்குது. அப்புறம் கன்னோட தாய், தாயை மேய்க்கிற இடையன், இடையன் கைக்கோல்னு வரிசை நீண்டுக்கிட்டே போகும், பாட்டிங்க மூச்சு விடாம சொல்லுவாங்க. கவனிச்சீங்கன்னா அந்தச் சங்கிலியில அடைமொழியோட வர்றது கன்னுதான், இடையனுக்கு ஒல்லியா நெட்டையான்னு ஒண்ணும் சொல்லல. கன்னுக்குட்டி மட்டும் கொழுகொழு. நெறையப் பேருக்கு வாழ்க்கையில காதுல விழுற முதல் வர்ணனையே இதுவாத்தான் இருக்கும். அதுல கிண்டல் துளியும் கிடையாது, தாய் மடியில பால் குடிச்சு பளபளன்னு நிக்கிற ஆரோக்கியம்தான் இருக்கு. அந்த வாசனை இன்னைக்கும் அந்த வார்த்தையில ஒட்டிட்டிருக்கறதாலதான் குழந்தைக்குக் கொழுகொழுன்னு சொல்லலாம், நாப்பது வயசு மேனேஜருக்குச் சொன்னா அவரைக் கைக்குழந்தையாக்கி நக்கலடிக்கிறதா ஆயிடும்.

ஆனா குழந்தைக்குக்கூட அத சும்மா சொல்லிட முடியாது, கவனிச்சிருக்கீங்களா. "பிள்ள நல்லா கொழுகொழுன்னு இருக்கே"ன்னு பக்கத்து வீட்டம்மா சொன்ன அடுத்த நிமிஷம் குழந்தையோட பாட்டி முகம் மாறும், "எங்க, ரெண்டு நாளா சரியா பாலே குடிக்கல"ன்னு ஒரு பொய்யச் சொல்லுவாங்க, சாயந்தரம் உப்பு மிளகாய் சுத்திப் போடுவாங்க, அடுத்த நாள் கன்னத்துல மையி இன்னும் பெருசா இருக்கும். இந்த ஒரு காட்சிய மட்டும் எழுதிப் பாருங்க. குழந்தை எவ்வளவு குண்டுன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், பாட்டியோட பதட்டத்துலயே வாசகனுக்கு அந்த மணிக்கட்டு மடிப்பும் தொடை மடிப்பும் தெரிஞ்சுடும். ஒரு உடம்பை எழுதுறதுக்கு அந்த உடம்பையே பாக்கணும்னு இல்ல, அத பாக்குற இன்னொரு ஆளைப் பாத்தாலும் போதும்.

இப்ப வயித்துக்கு வருவோம், உருட்சின்னாலே நம்ம எழுத்துல பாதி வயித்தப் பத்தினதுதான். இதுக்கு ரெண்டு பழைய வரியப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும், ரெண்டும் பாட்டு, உரைநடை இல்ல, ஆனா உரைநடை எழுதுறவன் படிச்சுக்க வேண்டியது அங்கதான் இருக்கு. ஔவையார் பாடின விநாயகர் அகவல்ல "பேழை வயிறும் பெரும்பாரக் கோடும்"னு வரும். பேழைன்னா பெட்டி, உள்ள எதையாவது பத்திரமா வச்சு மூடி வைக்கிற பெட்டி, நோவா கப்பலைக்கூட பைபிள்ல பேழைன்னுதான் சொல்லியிருக்கு. பிள்ளையார் வயிறு பெருசுன்னு சொல்ல வந்தவங்க பெருசுங்கிற வார்த்தைய அங்க போடல, பானைன்னும் போடல. பெட்டின்னு போட்டுட்டாங்க, உடனே அந்த வயித்துக்குள்ள என்னமோ இருக்குன்னு நமக்குத் தோணுது, செல்வமோ உலகமோ கொழுக்கட்டையோ அவங்கவங்க பக்திக்கு ஏத்த மாதிரி. வயிறு ஒரு நிறைவா ஆயிடுது.

இன்னொண்ணு 15ஆம் நூற்றாண்டு அருணகிரிநாதர், திருப்புகழ். "தொந்தி சரிய மயிரே வெளிற நிரை தந்தம் அசைய முதுகே வளைய"ன்னு ஆரம்பிக்குது. இதுவும் வயிறுதான். ஆனா எப்படின்னு பாருங்க, தொந்தி பெருசா சின்னதா, ஒரு அடைமொழி இல்ல, உவமை இல்ல, ஒரே ஒரு வினை, சரிய. அவ்வளவுதான். முன்னாடி ஜம்முனு நிமிந்து நின்ன வயிறுதான் இது, இப்ப பிடிமானம் போயி கீழ எறங்குது. அதுக்குப் பின்னாடியே முடி வெளுக்குது, பல்லு ஆடுது, முதுகு வளையுது, எல்லாமே நடந்துக்கிட்டிருக்கற வினை, கண்ணு முன்னால ஒரு மனுசன் கெழவனாயிட்டிருக்கான். அப்புறம் பொண்ணுங்க சிரிச்சு யாரு இந்தக் கெழவன்னு கேக்குறது வரைக்கும் வரும். அங்க உருட்சிங்கிறது நிறைவுமில்ல, செல்வமுமில்ல, உடம்பு கைவிட்டுப் போறதோட முதல் அடையாளம்.

அதே உறுப்பு. ஒருத்தங்க பெயர்ச்சொல்லால நிறைச்சாங்க, ஒருத்தர் வினைச்சொல்லால சரிச்சார். நான் புதுசா எழுதுறவங்களுக்குச் சொல்றது இது ஒண்ணுதான், அடைமொழிய நம்பாதீங்க, பெரிய, பருத்த, அகன்ற, கொழுத்தன்னு அடுக்கிக்கிட்டே போனா சட்டை சைஸ் ஏறுமே தவிர ஆளு வரமாட்டார். அந்த உடம்பு என்ன பண்ணுதுங்கிறதப் புடிங்க, இல்ல அது எதுவா தெரியுதுங்கிறதப் புடிங்க.

தொந்திக்கும் தொப்பைக்கும்கூட இன்னைக்கு பேச்சுல ஒரு இடைவெளி வந்துருச்சு, அகராதியில தேடுனா கிடைக்காது. தொந்தி கொஞ்சம் நிலைச்ச சமாச்சாரம், வேட்டி கட்டுன ஆளோடது, அதுல வெக்கம் கிடையாது, சாப்பிட்டதும் தடவிக்கலாம். தொப்பை பேண்ட்டு பெல்ட்டோட சண்டை போடுறது, ஐ.டி. கம்பெனியில சேந்து நாலு வருஷத்துல வந்தது, போட்டோ எடுக்கும்போது மூச்ச உள்ள இழுத்துக்கறது, ஜிம்முக்கு வருஷச் சந்தா கட்டிட்டு போகாம இருக்கறது. ஒரு கல்யாண சமையல்காரருக்குத் தொப்பைன்னு எழுதிப் பாருங்க, உடனே அவரு டி-ஷர்ட் போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுறார். இது என் காதுக்குப் படுற கணக்கு, உங்க ஊர்ல வேற மாதிரி இருக்கலாம், அங்க உங்க காதைத்தான் நம்பணும்.

உருண்டைன்னா நிறைவுன்னு மட்டும் நெனச்சுடக் கூடாது, அதுக்குத்தான் மதுரைக்காரங்ககிட்ட குண்டோதரன் இருக்கார். பரஞ்சோதி முனிவரோட திருவிளையாடல் புராணத்துல 64 கதையில ஒண்ணு, குண்டோதரனுக்கு அன்னமிட்ட படலம். மீனாட்சி கல்யாணத்துல சமைச்ச சாப்பாடு மலை மலையா மிஞ்சிப்போச்சுன்னு தடாதகைப் பிராட்டியார், அதாவது மீனாட்சி, சொல்ல, சிவன் தன்னோட பூதகணத்துல ஒருத்தனான குண்டோதரனைச் சாப்பிட அனுப்புறார். அவன் குள்ளன், பானை வயிறன், பேர்லயே வயிறு இருக்கு, உதரம்னா வயிறு. சமைச்சது மொத்தத்தையும் தின்னுட்டு, சமைக்காத அரிசி பருப்பையும் தின்னுட்டு, இன்னும் பசிக்குதுன்னு வந்து நிக்கிறான். அப்புறம் அவன் பசிக்குச் சோறு நெறஞ்ச அன்னக்குழி வருது, தாகத்துக்கு வைகையே வருது. ஊர்ல பந்தியில ரெண்டாவது தடவை சோறு கேட்டாலே குண்டோதரன்னு பேர் வச்சிடுவாங்க, ஆனா கதைய நிதானமாப் படிச்சா அந்த வயிறு நெறஞ்ச வயிறே கிடையாது, அது பசியோட வடிவம். பெருசா இருக்கறதாலயே எவ்வளவு காலியா இருக்குன்னு காட்டுற வயிறு. கேலி பண்றதுக்காக இருக்கற ஆளுன்னு நெனச்ச ஒருத்தன்மேல சட்டுன்னு ஒரு இரக்கம் வருதா இல்லையா.

நெசத்துலயும் அப்படி ஒரு வயிறு உண்டு. புரதச்சத்து சுத்தமா இல்லாத குழந்தைங்களுக்கு உடம்புல நீர் கோத்து, ஈரலும் வீங்கி, வயிறு முன்னால தள்ளிக்கிட்டு வரும், முகமும் காலும்கூட உப்பிக்கும், ஆனா தோள்பட்டையும் கையும் குச்சியா இருக்கும். ஆப்பிரிக்காவுல கானா நாட்டுல, அன்னைக்கு கோல்டு கோஸ்ட்டுன்னு பேரு, வேலை பாத்த சிசிலி வில்லியம்ஸ்ங்கிற டாக்டர் 1930கள்ல இத விவரமா எழுதி, அந்த ஊர்க்காரங்க சொன்ன குவாஷியார்க்கர்ங்கிற பேரையே உலகத்துக்கு அறிமுகப்படுத்துனாங்க. பஞ்சத்தப் பத்திக் கதை எழுதுறவங்க "ஒட்டிய வயிறு"ன்னு கைப்பழக்கத்துல எழுதிடுவோம். பஞ்சத்துல உப்புன வயிறும் இருக்கு, அத எழுதுனா வாசகன் ஒரு நொடி தடுமாறி, அப்புறம் புரிஞ்சு, அந்தத் தடுமாற்றத்தாலயே மறக்கமாட்டான்.

வெளிநாட்டு உதாரணம் ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிறேன், ஏன்னா இதுக்கு மேல ஒரு வர்ணனைக்கு மரியாதை கிடைக்க முடியாது. சார்லஸ் டிக்கன்ஸ் 1836லேருந்து 1837 வரைக்கும் மாசாமாசம் எழுதுன பிக்விக் பேப்பர்ஸ் நாவல்ல ஜோன்னு ஒரு குண்டுப் பையன் வருவான், வேலைக்காரப் பையன். அவன் குண்டுங்கிறத டிக்கன்ஸ் பளிச்சுன்னு சொல்லிட்டார்தான், ஆனா நமக்கு மனசுல நிக்கிறது அது இல்ல, அவன் எங்க பாத்தாலும் தூங்குறான். வண்டியில தூங்குறான், வேலை பாத்துக்கிட்டே தூங்குறான், கதவத் தட்டிட்டு நின்னுக்கிட்டே தூங்குறான், குறட்டை வேற. மூஞ்சி செவந்திருக்கும். சாப்பாடுன்னா மட்டும் முழிப்பு. நாவல் வந்து நூறு வருஷத்துக்கு மேல ஆனப்புறம், 1956ல அமெரிக்காவுல டாக்டருங்க ஒரு நோயாளியப் பத்திக் கட்டுரை எழுதுறாங்க. ரொம்பக் கனமான உடம்பு, பகல்ல எந்த நேரமும் தூக்கம், சீட்டாட்டத்துல மூணு ஏஸும் ரெண்டு ராஜாவும் கையில வந்தும் அத வச்சுப் பந்தயம் கட்டாம தூங்கிப்போயிட்டார், அதுக்கப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கே வந்தார். உடம்புக் கனத்தால மூச்சு சரியா இறங்காம கார்பன் டை ஆக்சைடு ரத்தத்துல தேங்குற நோய் அது. டாக்டருங்க அதுக்கு வச்ச பேரு பிக்விக்கியன் சிண்ட்ரோம். டிக்கன்ஸுக்கு மருத்துவம் தெரியாது, அந்த நோய்க்கு அப்ப பேரும் கிடையாது, அவர் வெறுமனே நல்லாப் பாத்திருக்கார். குண்டுன்னு மட்டும் எழுதிட்டு நகந்திருந்தார்னா டாக்டருங்களுக்கு அங்க எடுத்துக்க ஒண்ணுமே இருந்திருக்காது.

சரி, கைவேலைக்கு வருவோம். ஒரு மளிகைக்கடைக்காரர வச்சுக்கலாம், பேரு வேண்டாம், அண்ணாச்சி. "கடையில் குண்டான அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்திருந்தார்." இது செத்த வரி. இப்ப கடைக்கு வர்ற ஆளை மாத்தி மாத்தி அனுப்புவோம்.

முதல்ல எட்டு வயசுப் பையன், கடலைமிட்டாய் வாங்க வந்திருக்கான். அவன் உயரத்துக்கு கல்லாப்பெட்டியும் அதுக்கு மேல வயிறும்தான் தெரியும். "அண்ணாச்சி குனிஞ்சு மிட்டாய் ஜாடிய எடுக்கும்போது பனியனுக்கும் வேட்டிக்கும் நடுவுல வயிறு வெளிய எட்டிப் பாத்துட்டு திரும்ப உள்ள போச்சு." பையனுக்கு அது வேடிக்கை, வயிறு அவனுக்கு ஒரு தனி ஆளு.

அடுத்து மூணு மாசமா பாக்கி வச்சிருக்கற ஒருத்தர். "அண்ணாச்சி ஸ்டூலை விட்டு எந்திரிக்கல. எந்திரிக்க வேண்டிய அவசியமும் அவருக்கு இல்ல. அவர் உக்காந்துட்டா கடைக்குள்ள போக வேற வழி கிடையாது." குண்டுங்கிற சொல்லும் இல்ல, அதோட சொந்தக்காரச் சொல்லும் ஒண்ணும் இல்ல, ஆனா உடம்பு ஒரு பூட்டுன கதவு மாதிரி நிக்குது, கடன்காரர் கண்ணுக்கு அப்படித்தான் தெரியும்.

அப்புறம் அவரோட சம்சாரம், மத்தியானச் சாப்பாடு கொண்டு வர்றாங்க. "சட்டையோட நாலாவது பட்டன மறுபடியும் தைக்கணும், அங்க மட்டும்தான் பிஞ்சு பிஞ்சு வருது." அவ்வளவுதான் அவங்க பாக்குறது. அதுல அலுப்பு இருக்கு, முப்பது வருஷம் இருக்கு, எந்தப் பட்டன்னு கரெக்டாத் தெரியுது பாருங்க, அதுல பிரியமும் இருக்கு.

கடைசியா தெருமுனை கிளினிக் டாக்டர். அவருக்கு அண்ணாச்சியோட கன்னமோ கடையோ கண்ணுல படாது. இடுப்பச் சுத்தி டேப் வச்சு, நம்ம தெற்காசிய ஆம்பளைங்களுக்கு 90 சென்டிமீட்டருக்கு மேல போனா கவலைப்படணும்ங்கிற கணக்குல பாத்து, நோட்டுல ஒரு நம்பர் எழுதுவார். டாக்டரோட பார்வையில கதை போனா அந்த நம்பரத்தான் எழுதணும், அங்க பேழை வயிறுன்னு கவிதை பாடக் கூடாது, அந்த நம்பரே போதுமான அளவு பயமுறுத்தும்.

இந்தப் பயிற்சிய யாரு வேணாலும் பண்ணலாம், ஒரே ஆளு, ஆனா பாக்குறவங்கள மாத்துங்க. எந்த வார்த்தையப் போடுறதுங்கிற குழப்பம் தானாவே கொறையும், ஏன்னா நீங்க தேடிக்கிட்டிருந்தது உடம்புக்கான வார்த்தைய இல்ல, பாக்குறவரோட வார்த்தைய.

இதுல ஒரு பழைய வியாதியும் இருக்கு, அதையும் சொல்லணும். குண்டா இருந்தா காமெடியன், இல்லன்னா ஏழைங்க வயித்துல அடிக்கிற முதலாளி, இந்த ரெண்டு வேலைதான் நம்ம கதையிலயும் சினிமாவுலயும் ரொம்ப நாளா குண்டு ஆளுங்களுக்குக் குடுத்து வச்சிருக்கு. பத்திரிகை கார்ட்டூன்ல பதுக்கல் வியாபாரின்னாலே தொந்தி போட்டு, விரல்ல நாலு மோதிரம் போட்டுடுவாங்க, எழுத்து இல்லாமலே புரிஞ்சிடும், அதான் அதுல வசதி, அதேதான் சோம்பேறித்தனமும். ஷேக்ஸ்பியரோட ஜூலியஸ் சீசர் இதுக்கு நேர் எதிரா யோசிக்கிறார், என்னைச் சுத்தி குண்டு ஆளுங்களா வைங்க, ராத்திரி நல்லாத் தூங்குறவங்களா வைங்க, அந்தக் காசியஸ் ஒல்லியா பசியோட பாக்குறான், அவன் ரொம்ப யோசிக்கிறான், ஆபத்துங்கிறார். அவர் சொன்னது பலிக்கவும் செஞ்சுது, அவரைக் கொன்ன கூட்டத்துல காசியஸும் இருந்தான். ஆனா அதுவும் ஒரு முன்முடிவுதானே, குண்டுன்னா சூது இருக்காதுன்னு.

கல்கி 1950லேருந்து 1954 வரைக்கும் தொடரா எழுதுன பொன்னியின் செல்வன்ல ஆழ்வார்க்கடியான் இந்த எதிர்பார்ப்ப வச்சே விளையாடுற பாத்திரம். கட்டை குட்டையான உடம்பு, முன்குடுமி, உடம்பெல்லாம் நாமம், கையில தடி, சண்டைக்கு அலையுற வைஷ்ணவன். பாத்த உடனே சிரிப்புக்கு ஆளு வந்தாச்சுன்னு நாம சாஞ்சு உக்காந்துடுவோம். ஆனா அவன் முதன்மந்திரி அநிருத்தரோட ஒற்றன், எல்லாருக்கும் முன்னாடி அங்க போயி நிப்பான், ஒட்டுக் கேப்பான், தப்பிச்சுடுவான். அந்த உருண்டை உடம்புதான் அவனோட மாறுவேஷம்னு எனக்குத் தோணும், எவனும் அவனைப் பாத்து பயப்பட மாட்டான், அதுவே அவன் பலம். ஒரு உடம்பைப் பாத்ததும் வாசகன் என்ன முடிவு கட்டுவான்னு தெரிஞ்சு வச்சிக்கிட்டு அத எழுத்தாளன் தனக்குச் சாதகமா திருப்பிக்கிறது, இது தெரிஞ்சா உங்களுக்கு ஒரு பெரிய ஆயுதம் கிடைச்ச மாதிரி.

பொம்பளைங்க உடம்ப எழுதுற இடத்துல ஒரு எச்சரிக்கை. தளதள, கும்முனு, வாளிப்பு, இதெல்லாம் பாக்குற ஆம்பளையோட கண்ணு, சந்தேகமே இல்ல. கதைய அந்த ஆம்பளைதான் சொல்றான்னா எழுதுங்க, அவன் எப்படிப்பட்டவன்னு அது காட்டிக் குடுக்கும், நல்லதுதான். ஆனா யாரும் பாக்காத நேரத்துல, தனியா சமையக்கட்டுல நிக்கிற பொம்பளைய எழுதும்போதும் தளதளன்னு போட்டா, அங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்குறது யாரு? நீங்கதான். தன் உடம்ப அவங்களே எப்படி உணருவாங்கன்னு யோசிங்க, ஜாக்கெட் கைய இறுக்குது, மோதிரம் கழட்ட சோப்பு தேவைப்படுது, பஸ்ல மூணு பேர் சீட்டுல மூணாவதா உக்காரப் போகும்போது ஏற்கெனவே உக்காந்திருக்கறவங்க முகத்த ஒரு தடவை பாத்துக்கறாங்க. இதுல எதுவுமே வர்ணனை மாதிரி இருக்காது, ஆனா உடம்பு முழுசா அங்க இருக்கும்.

உவமைங்க விஷயத்துல சுருக்கமாச் சொல்லிடுறேன். பீப்பா, பூசணிக்காய், அரிசி மூட்டை, யானைக்குட்டி, இதுங்க எல்லாம் தேஞ்சு போச்சு. இன்னைக்குப் படிக்கிறவங்கள்ல பீப்பாவ நேர்ல பாத்தவங்க எத்தனை பேரு? உவமை வேணும்னா அந்தப் பாத்திரம் தினமும் கையில புழங்குற பொருள்லேருந்து எடுங்க, அதுவும் ஒரு ஆளுக்கு ஒண்ணு போதும், ஒரே பாராவுல பூசணியாவும் மூட்டையாவும் ஆனா மனுசன் காய்கறி லாரி ஆயிடுவார்.

பட்டப்பேருக்கு மட்டும் இந்த விதி எதுவும் செல்லாது. ஊர்ல பேருக்கு முன்னாடி குண்டு சேத்துக் கூப்பிடுற ஆளுங்க தெருவுக்கு ஒருத்தராவது இருப்பாங்க, சின்ன வயசுல யாரோ வச்சது, அவங்களே போன்ல "நான் குண்டு மணி பேசுறேன்"னு சொல்ற அளவுக்குப் பழகிப்போனது. அது வர்ணனை கிடையாது, பேரு. கதையில வந்தா ஊர் ஜனங்க வாயால தாராளமா அப்படியே கூப்பிட விடுங்க, நீங்க பக்கத்துல நின்னு அதுக்கு விளக்கம் குடுக்காதீங்க. நடுவுல சர்க்கரை வந்து ஆளு பாதியா இளைச்சு, பழைய சட்டையெல்லாம் தோள்ல தொங்குதுன்னு வைங்க, அப்பவும் ஊரு குண்டு மணின்னுதான் கூப்பிடும், அங்க நீங்க எழுத வேண்டியது அந்தச் சட்டைய மட்டும்தான்.